லினக்ஸ் மின்டில் வயரில்லா ஹெட்போன்: இணைவது வேறு, ஒலிப்பது வேறு

வணக்கம். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். லினக்ஸ் மின்ட் 22 நிறுவிய மேசைக் கணினியில் வயரில்லா ஹெட்போனை இணைப்பதற்கே அரை நாள் ஆயிற்று என்றும், பாட்டு நன்றாகக் கேட்டாலும் இணையவழிக் கூட்டத்தில் சேர்ந்த உடனே எல்லார் குரலும் பழைய டெலிபோனில் வருவதுபோல் ஆகிவிடுகிறது என்றும், அதே கணினியில் உள்ள வின்டோஸுக்குப் போய்த் திரும்பி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து இணைக்க வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், லினக்ஸில் இது சரிவராது என்று விட்டுவிடலாமா எனக் கேட்கிறீர்கள். ஒரே கேள்வியாகத் தோன்றினாலும் இதில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் உள்ளன. முதல் முறை இணைப்பது ஏன் கடினமாக இருந்தது, பேசும்போது மட்டும் ஒலி ஏன் கெடுகிறது, வின்டோஸுக்குப் போய் வந்தால் ஏன் இணைப்பு முறிகிறது என்ற மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் பயன் இருக்காது. உங்கள் அரை நாள் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக லினக்ஸ் கணினிகளை நிறுவிப் பராமரிப்பது என் அன்றாட வேலை. புளூடூத் ஒலி படுமோசமாக இருந்த காலத்தையும், அது மெல்ல மெல்லச் சீரானதையும் கூடவே இருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கணினியை நேரில் பார்க்காததால், கூட்டத்தில் குரல் கெடுவதற்கும் வின்டோஸால் இணைப்பு முறிவதற்கும் நான் சொல்லும் காரணங்களை உறுதியானவை என்றும், முதல் நாள் இணைப்புச் சிக்கலுக்குச் சொல்வதை அனுபவத்தால் வந்த ஊகம் என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டளைகளை அவற்றின் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தில் (டெர்மினல்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும்.

முதலில் ஓர் அடிப்படை. லினக்ஸில் ஹெட்போன் வேலை செய்வதற்கு இரண்டு மென்பொருள்கள் கைகோக்க வேண்டும். வானலை வழியாகக் கருவியைக் கண்டுபிடித்து, அடையாளம் சரிபார்த்து, இணைப்பை ஏற்படுத்தி வைத்திருப்பது புளூஸீ என்னும் மென்பொருள். 2001ஆம் ஆண்டிலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்து வளர்ந்துவரும் இதன் பின்னணிச் சேவைதான் உங்கள் கணினியில் 'புளூடூத்' என்ற பெயரில் ஓடுகிறது. இணைப்பு ஏற்பட்ட பிறகு, பாட்டுச் செயலியிலிருந்தோ உலாவியிலிருந்தோ வரும் ஒலியை வாங்கி, சுருக்கி, புளூஸீ திறந்து வைத்த பாதை வழியே அனுப்புவது ஒலிச் சேவையகத்தின் வேலை. முன்பு அந்த வேலையைப் பல்ஸ்ஆடியோ செய்தது. இப்போது பைப்வயர் செய்கிறது. லினக்ஸின் வெவ்வேறு வழங்கல்களில் (தொகுத்து வெளியிடப்படும் வகைகளில்), ஃபெடோரா 2021இல் வந்த தன் 34ஆம் பதிப்பிலும், உபுண்டு 22.10இலும், லினக்ஸ் மின்ட் 22ஆம் பதிப்பிலும் பைப்வயருக்கு மாறின. ஆகவே எதுவும் சரியில்லை என்று தோன்றும்போது முதலில் கேட்க வேண்டியது, இணைப்பு நிற்கவில்லையா, அல்லது இணைப்பு நின்றும் ஒலி வரவில்லையா என்பதுதான். முன்னது புளூஸீயின் பக்கம், பின்னது பைப்வயரின் பக்கம். இந்த ஒரு பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

உங்களுடையது மேசைக் கணினி என்பதால் வன்பொருளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மடிக்கணினியில் ஆன்டெனா திரைச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். நாம் அதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. மேசைக் கணினியின் தாய்ப்பலகையிலேயே வைஃபையும் புளூடூத்தும் இருந்தால், பெட்டியின் பின்புறம் இரண்டு சிறிய பித்தளைத் திருகுமுனைகள் துருத்திக்கொண்டிருக்கும். தாய்ப்பலகை வந்த அட்டைப்பெட்டியில் அவற்றுக்கான ஆன்டெனா தனியாக இருக்கும். ஒரு முறை நண்பர் ஒருவர் வீட்டில், ஹெட்போனைக் கணினிப் பெட்டியின் மேலேயே வைத்தால் பாடுகிறது, நாற்காலியில் சாய்ந்தால் விக்குகிறது என்று என்னை அழைத்திருந்தார்கள். கர்னல் பதிப்பை மாற்றி, அமைப்புக் கோப்புகளைத் திருத்தி, ஒரு மாலை முழுவதையும் செலவழித்த பிறகே பெட்டியின் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். இரண்டு திருகுமுனைகளும் வெறுமையாக இருந்தன. இணையத்துக்குக் கேபிள் போட்டிருந்ததால், வைஃபை ஆன்டெனா தேவையில்லை என்று அவர்கள் அதை மாட்டவே இல்லை. புளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. அலமாரியிலிருந்து எடுத்து மாட்டியதும் பக்கத்து அறை வரை விக்கல் இல்லாமல் கேட்டது. அன்றிலிருந்து மேசைக் கணினி என்றாலே முதலில் பின்புறத்தைத்தான் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

உங்கள் கணினியில் புளூடூத் உள்ளமைந்ததாக இல்லாமல், யூஎஸ்பி முனையில் செருகும் விரல்நுனி அளவுள்ள டாங்கிளாக இருந்தால், வேறு இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். மிகக் குறைந்த விலை டாங்கிள்களில் பல, சிஎஸ்ஆர் என்ற பழைய சிப்பின் பெயரைத் தாங்கிய போலிகள். அவற்றைச் சமாளிப்பதற்கென்றே லினக்ஸ் கர்னலில் தனியான ஏற்பாடுகள் எழுதப்பட்டிருக்கின்றன. அப்படியும் எல்லாப் போலிகளும் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. இரண்டாவது, உண்மையான சிப்பாகவே இருந்தாலும் அதற்குரிய ஃபர்ம்வேர் கோப்பு (சிப்பை இயக்கும் உள்மென்பொருள்) கணினியில் இல்லாவிட்டால் அது விழித்தெழாது. 'சூடோ டிமெஸ்க்' என்ற கட்டளையின் வெளியீட்டில் புளூடூத் என்று தேடுங்கள். ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை என்ற வரி இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. மின்ட், உபுண்டு வழங்கல்களில் ஃபர்ம்வேர் தொகுப்பு நிறுவும்போதே வந்துவிடுவதால் இது அரிது. 2023இல் வந்த 12ஆம் பதிப்புக்கு முந்தைய டெபியனில் இது அடிக்கடி நேர்ந்தது. 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்ற கட்டளையையும் இட்டுப் பாருங்கள். புளூடூத்துக்கு நேரே 'சாஃப்ட் பிளாக்டு: யெஸ்' என்றிருந்தால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் புளூடூத்' என்று இட்டு விடுவிக்கலாம். 'ஹார்டு பிளாக்டு' என்றிருந்தால் அதை மென்பொருளால் விடுவிக்க முடியாது. பொத்தானையோ கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பையோ பார்க்க வேண்டும்.

இனிப் பேரிங், அதாவது ஹெட்போனையும் கணினியையும் முதல் முறை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தி இணைப்பது. ஹெட்போனை இயக்குவதும் அதைப் பேரிங் நிலைக்குக் கொண்டுவருவதும் ஒன்றல்ல. இயக்கியவுடன் அது தனக்குப் பழக்கமான கருவியைத் தேடி ஓடுமே தவிர, புதிய கணினியின் கண்ணுக்குத் தெரியாது. இயக்கப் பொத்தானை ஐந்து முதல் ஏழு விநாடி அழுத்திப் பிடித்து, விளக்கு இரு நிறத்தில் மாறி மாறியோ மிக விரைவாகவோ சிமிட்டத் தொடங்கிய பிறகே கணினியில் தேட வேண்டும். பொத்தானும் நேரமும் மாதிரிக்கு மாதிரி வேறுபடும் என்பதால் கையேட்டை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. அதைவிட முக்கியம், அந்த நேரத்தில் உங்கள் கைபேசியின் புளூடூத்தை அணைத்துவிடுவது. ஹெட்போன் கண் விழித்ததும் கைபேசி அதைப் பிடித்துக்கொள்ளும். கணினி கதவைத் தட்டும்போது உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருப்பார். உங்கள் அரை நாள் இதில்தான் போயிருக்கும் என்பது என் ஊகம், ஏனென்றால் என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன.

மின்டில் 21ஆம் பதிப்பு முதல் புளூமேன் என்ற செயலிதான் புளூடூத் மேலாளர். அதில் தேடி, ஹெட்போனின் பெயரைத் தேர்ந்து, 'பேர்' என்பதை அழுத்தி, பிறகு மறவாமல் 'ட்ரஸ்ட்' என்பதையும் அழுத்துங்கள். நம்பகமான கருவி என்று குறித்து வைக்காவிட்டால், மறுநாள் ஹெட்போன் தானாகக் கணினியை அழைக்கும்போது புளூஸீ அனுமதி கேட்டுக் காத்திருக்கும். திரையின் மூலையில் தோன்றிய அந்தச் சிறு அறிவிப்பை நீங்கள் கவனிக்காமல் விட்டால், தானாக இணையவில்லை என்றே தோன்றும். வரைகலைச் செயலி எதையும் தெளிவாகச் சொல்லாமல் தோல்வி என்று மட்டும் காட்டினால், முனையத்தில் 'புளூடூத்சிடிஎல்' என்ற கட்டளையைத் திறந்து 'பவர் ஆன்', 'ஸ்கேன் ஆன்' என்று வரிசையாக இடுங்கள். ஹெட்போனின் 12 இலக்க முகவரி திரையில் வந்ததும், அந்த முகவரியோடு 'பேர்', 'ட்ரஸ்ட்', 'கனெக்ட்' ஆகிய மூன்றையும் இதே வரிசையில் இடுங்கள். பாதி முடிந்த பழைய பேரிங் ஏதேனும் ஒட்டிக்கொண்டிருந்தால், முதலில் 'ரிமூவ்' என்று இட்டு நீக்கிவிட்டுத் தொடங்க வேண்டும்.

இந்த முனைய வழியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அது தரும் பிழைச்செய்திகள்தான். இணைக்கும்போது 'பேஜ் டைம்அவுட்' என்று வந்தால் ஹெட்போன் பதிலே சொல்லவில்லை என்று பொருள். அது அணைந்திருக்கும், தொலைவில் இருக்கும், அல்லது வேறொரு கருவியின் பிடியில் இருக்கும். 'ப்ரொஃபைல் அன்அவெய்லபிள்' என்று வந்தால், வானலைப் பக்கம் குற்றமில்லை, கணினியில் ஒலியை வாங்கிக் கொடுக்க ஆளில்லை என்று பொருள். பைப்வயர் ஓடவில்லை, அல்லது அதன் புளூடூத் பகுதி நிறுவப்படவில்லை. உபுண்டு, மின்ட், டெபியன் குடும்பத்தில் அந்தப் பகுதி 'லிப்ஸ்பா-0.2-புளூடூத்' என்ற தொகுப்பாகக் கிடைக்கிறது. அதை நிறுவிவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறித் திரும்பி வந்தால் போதும். 'ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' என்று வந்தால் இரு பக்கத்துச் சாவிகளும் பொருந்தவில்லை என்று பொருள். மூன்று செய்திகள், மூன்று வேறு இடங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போவது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று பார்க்காமல் மாத்திரை விழுங்குவதற்குச் சமம்.

சாவி என்றதும் உங்கள் மூன்றாவது சிக்கலுக்கு வந்துவிட்டோம். பேரிங் நடக்கும்போது கணினியும் ஹெட்போனும் சேர்ந்து ஓர் இரகசியச் சாவியை உருவாக்கி, இரண்டும் அதைச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. ஹெட்போன் அந்தச் சாவியைக் கணினியின் புளூடூத் முகவரியோடு முடிச்சுப்போட்டு வைத்திருக்கிறது. உங்கள் கணினியில் லினக்ஸும் வின்டோஸும் ஒரே புளூடூத் சிப்பைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே ஹெட்போனைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே முகவரியுள்ள ஒரே கணினி. வின்டோஸில் புதிதாகப் பேரிங் செய்த அந்தக் கணமே, லினக்ஸோடு செய்துகொண்ட சாவியை ஹெட்போன் அழித்துப் புதியதை எழுதிவிடுகிறது. லினக்ஸோ பழைய சாவியையே நீட்டிக்கொண்டிருக்கிறது. இதில் இரண்டு இயங்குதளங்களுக்கும் பிழையில்லை. ஒரே முகவரிக்கு இரண்டு சாவி என்பது வடிவமைப்பில் இல்லாத ஒன்று.

இதற்குத் தீர்வு இரண்டிலும் ஒரே சாவி இருக்கும்படி செய்வதுதான். முதலில் லினக்ஸில் பேரிங் செய்யுங்கள். பிறகு வின்டோஸில் செய்யுங்கள். அதன்பின் எதிலும் புதிதாகப் பேரிங் செய்யாதீர்கள். இப்போது செல்லுபடியாகும் சாவி வின்டோஸிடம் இருப்பது. அது வின்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியின் சிஸ்டம் பகுதியில், 'பிடிஎச்போர்ட்' என்ற சேவையின் கீழ் 'பாராமீட்டர்ஸ்', அதற்குள் 'கீஸ்' என்ற இடத்தில், கணினியின் முகவரிக்குக் கீழே ஹெட்போனின் முகவரியை ஒட்டி எழுதப்பட்டிருக்கும். சாதாரண நிர்வாகி உரிமையில் அது தெரியாது என்பதால், லினக்ஸிலிருந்தே வின்டோஸ் இருக்கும் வன்தட்டுப் பிரிவைப் படிப்பதற்காக மட்டும் ஏற்றி, 'சிஎச்என்டிபிடபிள்யூ' என்ற கருவியால் அந்த ரெஜிஸ்ட்ரி கோப்பைத் திறந்து பார்ப்பதே எனக்குப் பழகிய வழி. அங்கே கிடைக்கும் 32 பதின்அறும இலக்கங்களைக் (0–9, ஏ–எஃப்) குறித்துக்கொண்டு, லினக்ஸில் 'வார்', 'லிப்', 'புளூடூத்' என்ற அடைவுப் பாதைக்குள் கணினி முகவரி, ஹெட்போன் முகவரி என்று இறங்கி, 'இன்ஃபோ' என்ற கோப்பில் 'லிங்க்கீ' தலைப்பின் கீழுள்ள 'கீ' என்பதற்கு நேரே இடைவெளியின்றி, பெரிய எழுத்தில் எழுதி, புளூடூத் சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். கோப்பைத் தொடும்முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு முறை செய்தால் போதுமான வேலை. ஆனால் ரெஜிஸ்ட்ரி, ரூட் உரிமை என்ற சொற்களைக் கேட்டாலே உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், ஓர் எளிய மாற்று உண்டு. லினக்ஸுக்கென்று தனியாக ஒரு யூஎஸ்பி டாங்கிள் வாங்கிவிடுங்கள். முகவரி வேறாகிவிடுவதால் ஹெட்போன் இரண்டையும் இரு வேறு கணினிகளாகவே நினைவில் வைத்துக்கொள்ளும்.

அடுத்து, உங்களை மிகவும் வருத்தியிருக்கும் சிக்கல்: கூட்டத்தில் குரல் கெடுவது. இதில் ஐயத்துக்கே இடமில்லை. நாம் இன்று பரவலாகப் பயன்படுத்தும் புளூடூத் ஹெட்போன்களில் ஒலிக்கு இரண்டு தனித்தனி முறைகள் உள்ளன. ஏ2டிபி என்ற முறையில் கணினியிலிருந்து காதுக்கு மட்டும், ஒரு வழியாக, ஸ்டீரியோவில், உயர்ந்த தரத்தில் ஒலி போகும், மைக் இருக்காது. எச்எஃப்பி என்ற முறையில் காதுக்கும் ஒலி வரும், மைக்கிலிருந்தும் ஒலி போகும். ஆனால் இது கைபேசி அழைப்புக்காக உருவானது என்பதால் ஒவ்வொரு திசைக்கும் விநாடிக்கு 64 கிலோபிட் என்ற குறுகிய பாதைதான் கிடைக்கிறது, ஒலியும் மோனோவாகிவிடுகிறது. இதில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளான கோடெக்குகளில், பழைய சிவிஎஸ்டி விநாடிக்கு 8,000 ஒலி மாதிரிகளையும் (ஒலியை அளந்தெடுத்த புள்ளிகள்), சற்றே புதிய எம்எஸ்பிசி கோடெக் 16,000 மாதிரிகளையும் அனுப்பும். பாட்டோ 44,100 மாதிரிகளில் பதிவாகியிருக்கிறது. பேச்சில் 'ச', 'ஸ', 'ஃப' போன்ற உரசல் ஒலிகளின் கூர்மையெல்லாம் உயர் அதிர்வெண்ணில் இருப்பதால், சிவிஎஸ்டியில் அவை அப்படியே வெட்டுப்பட்டுப் போகின்றன. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

நீங்கள் கூட்டத்தில் சேரும்போது உலாவி மைக்கைத் திறக்கிறது. மைக் வேண்டுமென்றால் எச்எஃப்பிக்கு மாறியாக வேண்டும் என்பதால், பைப்வயரின் மேலாளராக இயங்கும் வயர்பிளம்பர் உங்களைக் கேட்காமலே மாற்றிவிடுகிறது. கூட்டம் முடிந்து மைக் மூடப்பட்டதும் ஏ2டிபிக்குத் திருப்பிவிடும். வின்டோஸிலும் இதே ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தினால் இதே எச்எஃப்பிதான். ஆகவே இது லினக்ஸின் குறைபாடு அன்று, புளூடூத்தின் வரம்பு. எல்இ ஆடியோ என்ற புதிய தலைமுறை முறை, எல்சி3 கோடெக்கோடு இந்த வரம்பை உடைப்பதற்காகவே வந்திருக்கிறது. ஆனால் அதற்கு ஹெட்போன், கணினியின் சிப், இயங்குதளம் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். லினக்ஸில் அது இன்னும் சோதனை நிலை அமைப்புகளை இயக்கித்தான் பெற வேண்டியதாக இருப்பதால், அன்றாட அலுவலகப் பணிக்கு அதை நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் செய்வதும் பிறருக்குச் சொல்வதும் ஒன்றே: காதுக்குப் புளூடூத், வாய்க்கு வேறு மைக். வெப்கேம் வைத்திருந்தால் அதிலேயே மைக் இருக்கும். இல்லையென்றால் மேசையில் நிற்கும் யூஎஸ்பி மைக் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். கூட்டச் செயலியின் ஒலி அமைப்பில் மைக்காக அதைத் தேர்ந்தெடுங்கள். கணினியின் ஒலி அமைப்பிலும் உள்ளீட்டுக்கு அதையே இயல்பாக வையுங்கள். அப்படிச் செய்த பிறகும் ஹெட்போன் தானே எச்எஃப்பிக்குத் தாவினால், 'பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்' என்ற செயலியை நிறுவித் திறந்து, 'கன்ஃபிகரேஷன்' பகுதியில் ஹெட்போனுக்கு நேரே 'ஹை ஃபிடெலிட்டி பிளேபேக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயரில் பல்ஸ்ஆடியோ இருந்தாலும் இது பைப்வயரோடும் இயங்கும். தானே மாறுவதை நிலையாக நிறுத்தவும் வழியுண்டு. ஆனால் வயர்பிளம்பர் 0.4 பதிப்பில் அதை லுவா மொழிக் கோப்பில் எழுத வேண்டும், 2024இல் வந்த 0.5 பதிப்பு முதல் அந்தக் கோப்பு முறையே மாறிவிட்டது. மின்ட் 22இல் இருப்பது 0.4. உங்கள் பதிப்புக்கு எழுதப்பட்ட வழிகாட்டியா என்று பார்க்காமல் எதையும் நகலெடுக்க வேண்டாம்.

தனி மைக்குக்கு வழியில்லை, ஹெட்போன் மைக்கையே பயன்படுத்தியாக வேண்டும் என்றால், அதே கன்ஃபிகரேஷன் பட்டியலில் 'ஹெட்செட் ஹெட் யூனிட்' என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் சிவிஎஸ்டி, எம்எஸ்பிசி என்று இரண்டும் இருந்தால் எம்எஸ்பிசியைத் தேர்ந்தெடுங்கள். பாட்டுத் தரம் வராது. ஆனால் உடன் பேசுபவரின் சொற்கள் தெளிவாகப் புரியும் அளவுக்கு உயரும். பட்டியலில் எம்எஸ்பிசி இல்லையென்றால் ஹெட்போனோ கணினியின் சிப்போ அதை ஆதரிக்கவில்லை. அதற்குமேல் அமைப்புகளைத் துருவுவதால் பயனில்லை.

பாட்டுக்கான கோடெக்குகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் அதே பட்டியல் கண்ணில் படும் என்பதால் ஒரு சொல். எஸ்பிசி எல்லா ஹெட்போனிலும் கட்டாயம் இருப்பது, வழக்கமாக விநாடிக்கு 328 கிலோபிட் வரை செல்லும். எல்டேக் 330, 660, 990 என்று மூன்று படிகளில் இயங்கும். ஏஏசி உரிமச் சிக்கலால் சில வழங்கல்களில் சேர்க்கப்படுவதில்லை. உங்கள் பட்டியலில் அது இல்லாவிட்டால் ஹெட்போன் பழுது என்று எண்ண வேண்டாம். எஸ்பிசி-எக்ஸ்க்யூ என்று ஒன்று தெரிந்தால் அது அதே எஸ்பிசியைக் கூடுதல் பிட்வீதத்தில் அனுப்புவது. விக்கல் இல்லாமல் ஓடினால் வைத்துக்கொள்ளுங்கள். என் காதுக்கு எல்டேக் 660க்கும் 990க்கும் வேறுபாடு தெரிந்ததில்லை. விக்கல் மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

விக்கல் வந்தால் பெரும்பாலும் குற்றம் வானலையில்தான். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 79 தடங்களுக்கிடையே விநாடிக்கு 1,600 முறை தாவித் தாவிப் பேசுகிறது. அதே அலைவரிசையில்தான் பழைய வைஃபையும் இருக்கிறது. உங்கள் ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் கணினியை அதற்கு மாற்றுங்கள். இதைவிடக் குறைவாக அறியப்பட்ட காரணம் யூஎஸ்பி 3 முனைகள்: அவற்றில் தரவு ஓடும்போது இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் எழுவதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியிருக்கிறது. வெளி வன்தட்டுக்குப் பக்கத்திலேயே டாங்கிளைச் செருகியிருந்தால், அரை மீட்டர் நீட்டிப்புக் கேபிள் ஒன்றில் மாட்டி மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். சின்னக் கேபிள்தான், ஆனால் நான் எழுதித் திருத்திய அமைப்புக் கோப்புகள் எல்லாவற்றையும்விட அதிக வீடுகளில் விக்கலை நிறுத்தியது அதுவே.

இன்னொரு சிறு குறையையும் நீங்கள் விரைவில் கவனிப்பீர்கள். சில விநாடி அமைதிக்குப் பிறகு ஒலி தொடங்கும்போது முதல் அசை விழுங்கப்படும். 'வணக்கம்' என்பது 'ணக்கம்' என்று கேட்கும். ஐந்து விநாடி ஒலி இல்லையென்றால் ஒலிப்பாதையை வயர்பிளம்பர் உறங்க வைத்துவிடுவதும், அது மீண்டும் எழுவதற்கு ஒரு கணம் பிடிப்பதும்தான் காரணம். பாட்டுக் கேட்பவருக்கு இது பெரிதில்லை. திரைவாசிப்பான் வைத்துக் கணினியைப் பயன்படுத்தும் பார்வையற்ற நண்பர்களுக்கோ ஒவ்வொரு பட்டியலின் முதல் சொல்லும் போய்விடும் என்பதால் இது உண்மையிலேயே பெரிய இடர். 'செஷன் சஸ்பென்ட் டைம்அவுட் செகண்ட்ஸ்' என்ற அமைப்பை 0 ஆக்கினால் உறக்கம் நின்றுவிடும். ஹெட்போனின் பேட்டரி சற்று விரைவாகத் தீரும்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் குறிப்புகளில் பல, பல்ஸ்ஆடியோ காலத்தவை. 'பல்ஸ்ஆடியோ-மாட்யூல்-புளூடூத்' என்ற தொகுப்பை நிறுவச் சொல்வார்கள். அன்று அது சரியான அறிவுரை. பைப்வயர் ஓடும் இன்றைய மின்டில் அதை நிறுவினால், அது தன்னோடு பல்ஸ்ஆடியோவையும் இழுத்து வரும். பிறகு ஒரே ஹெட்போனுக்கு இரண்டு சேவையகங்கள் போட்டி போடும், ஒரு நாள் ஒலி வரும், மறுநாள் வராது. உங்கள் கணினியில் எது ஓடுகிறது என்பதை அறிய 'பேக்சிடிஎல் இன்ஃபோ' என்று இடுங்கள். சேவையகத்தின் பெயருக்கு நேரே 'பல்ஸ்ஆடியோ ஆன் பைப்வயர்' என்று வந்தால் பைப்வயர். வெறும் பல்ஸ்ஆடியோ என்று வந்தால், அந்த அரை நாளில் யாரோ ஒருவரின் பழைய குறிப்பைப் பின்பற்றியிருக்கிறீர்கள், அதைத் திருப்ப வேண்டும்.

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம். வின்டோஸுக்குத் திரும்பினாலும் கூட்டத்தில் குரல் கெடுவது உங்களோடு வரும். இணைப்பு முறிவு ஒன்றுதான் தீரும், அதற்கும் மேலே வழி சொல்லியிருக்கிறேன். இன்று மாலை முதல் வேலையாக ஆன்டெனா மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், 'பேக்சிடிஎல் இன்ஃபோ' என்ன சொல்கிறது என்று பாருங்கள், கைபேசியின் புளூடூத்தை அணைத்துவிட்டு முனையத்தின் வழியே ஒரு முறை புதிதாக இணையுங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால், ஹெட்போனின் மாதிரிப் பெயர், புளூடூத் சிப்பின் பெயர், 'புளூடூத்சிடிஎல்' காட்டிய பிழைச்செய்தி ஆகிய மூன்றையும் அப்படியே இங்கே எழுதுங்கள். ஹெட்போனின் முகவரியை மட்டும் மறைத்துவிடுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு, குற்றம் எந்தப் பக்கம் என்று ஊகமாக இல்லாமல் உறுதியாகச் சொல்கிறேன்.